இடது காது

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

இன்னைக்குப் பெரம்பலூர் போயி என்னைக் கட்டுன மாமாவுக்குத் தலையில ஸ்கேன் எடுத்துட்டு வந்தாச்சு. பதினாறு வருசம் கம்பிக் கூண்டுக்குள்ள போடுற சண்டையில குத்தும் உதையும் வாங்குன தலை. சண்டையை விட்டுட்டு இப்ப லோடு ஆட்டோ ஓட்டுறாரு. கொஞ்ச நாளா நான் சொல்றது எதுவும் அவருக்கு நெனப்புல நிக்கல. பருப்பு வாங்கிட்டு வாங்கன்னா வெறுங்கையோட வந்து, "நீ எப்ப சொன்ன?"ம்பாரு. அடிபட்டு மூளை கலங்கிருச்சோன்னு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பாத்தாங்க, காதையும் சோதிச்சாங்க. "மூளை நல்லா இருக்கும்மா. இடது காதுதான் கேக்கல"ன்னாங்க. கட்டிப் புரண்டு நசுங்கிப் பணியாரம் மாதிரி ஆன காது அது. உள்ள சவ்வும் கிழிஞ்சிருக்காம்.

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. பைக்குல பின்னாடி ஒருபக்கமா உக்காந்து போறப்பதான் நான் எல்லாத்தையும் சொல்லுவேன். அத்தனையும் அந்த இடது காதுல!

"எனக்கு மூளை இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க, கேட்டியாடி?"ன்னு மாமா சிரிச்சாரு.

"இத்தன வருசம் அதை வெளிய காட்டவே இல்லியே மாமா"ன்னேன். சொல்லிட்டு ஆஸ்பத்திரி வாசல்லயே அழுதுட்டேன்.

திரும்பி வர்றப்ப சேலையைச் சுருட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தேன். ரோட்டுல எல்லாரும் பாத்தாங்க. பாக்கட்டும். விட்டுப்போனது அத்தனையும் வலது காதுல சொல்லிட்டே வந்தேன். குன்னம் வர்றதுக்குள்ள மனுசன் கும்பிடு போட்டுட்டாரு.

"போதும்டி, பழையபடி இடது பக்கமே பேசு."