சூசையின் இருக்கை

நாள் 812 | 06:10 | நாடி 74

கலிஸ்டோ, வடக்குத் துளைப்பு நிலையம். ஆழம் 1,140 மீட்டர். கருவி சீர். பனிக்கட்டிக் கிடங்கு மைனஸ் நாற்பது. ஆள் ஒன்று: ஜெசிந்தா, நிலவியலாளர். கிடங்கில் இன்னொருவன் இருக்கிறான். அவனை ஆளாகச் சேர்க்க விதியில் இடமில்லை.

அவன் சூசை. என்னோடு துளை போட்டவன், என் ஊர்க்காரன். பூமிக்குப் போகும் கப்பல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அடுத்த கப்பலில் எங்கள் இருவருக்கும் இருக்கை இருந்தது. இங்கே ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் இருக்கையையே பந்தயம் வைப்பார்கள். தோற்றால் கணினி உடனே பெயரை மாற்றிவிடும். நாற்பது நாள் முன்பு சூசை தன் இருக்கையைத் தலைமைத் தளத்தில் இருக்கும் பொறுப்பாளர், டாக்டர் சென்னியப்பனிடம் தோற்றான். மறுநாள் பனியில் நடக்கப் போனவனை நான்தான் உடலாக இழுத்து வந்தேன்.

இருக்கை இல்லாத உடலைக் கப்பல் ஏற்றாது. தூத்துக்குடியிலிருந்து அவன் மனைவி விக்டோரியாவின் செய்தி: "அவுகள எப்பம் அனுப்புவிய?" இன்னும் பதில் அனுப்பவில்லை.

நாள் 815 | 13:40 | நாடி 103

சூசையின் பழைய ஆட்டங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லாத கையோடு முப்பத்தொரு முறை மிரட்டிப் பந்தயத்தை ஏற்றியிருக்கிறான். முப்பத்தொன்றும் பிடிபட்டிருக்கிறது. அவனுடைய கடைசிச் செய்தி: "ஏ ஜெசி, அந்தாளு எப்படித்தான் கண்டுபிடிக்காரோ தெரியல. எனக்குள்ள உக்காந்து பாக்க மாரி இருக்கு."

உள்ளே உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார். எல்லோர் மணிக்கட்டிலும் நாடிப்பட்டை. அளவு போவது டாக்டர் திரைக்கு. சூசையின் நாடிப் பதிவையும் ஆட்டப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சூசையின் நாடி நூறைத் தாண்டினால் டாக்டர் துணிந்து பந்தயத்தை ஈடுகட்டி அவன் சீட்டைப் பார்க்கிறார். தாண்டாவிட்டால் தன் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்குகிறார்.

பாவி. புகார் கொடுத்தால் அது போய்ச் சேருவதும் அவர் மேஜைக்குத்தான். எனக்குப் புகார் வேண்டாம். அவர் இங்கேயே கிடக்க வேண்டும்.

நாள் 833 | 17:05 | நாடி 121

பதினெட்டு நாளாக அவரோடு ஆடுகிறேன், சில்லறைப் பந்தயத்துக்கு: தேநீர்ப் பங்கு, குளியல் தண்ணீர். வெறுங்கையோடு ஏற்றும்போதெல்லாம் முன்னதாக ஐம்பது தோப்புக்கரணம் போடுகிறேன். நாடி எகிறுகிறது, பிடித்துவிடுகிறார். நல்ல சீட்டு வந்தால் மூச்சை அடக்கி அமைதியாக இருக்கிறேன். இன்று செய்தி அனுப்பியிருக்கிறார்: "அம்மணி, உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. நல்ல மனசுங்க உங்களுக்கு."

சூசை கண்டவனிடமும் வெறுங்கையை மறைத்து ப்ளஃப் அடித்தான். எதையும் பார்த்தே தீருவேன் என்பவனிடம் அது பலிக்காது. எதிரே ஒரே ஆள் இருக்க வேண்டும், அவன் பயந்து ஆட்டத்தை விடத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், நம்மை அக்குவேறு ஆணிவேறாக அறிந்துவிட்டதாக அவன் நினைக்க வேண்டும். இம்மூன்றும் கூடும்வரை அடி வாங்கிக்கொண்டே இருக்கலாம். கூடிவிட்டால் இரக்கமே காட்டக் கூடாது.

நாள் 841 | 10:20 | நாடி 66

இன்று இருக்கைக்கு இருக்கை. என்னுடையதற்கு எதிராகச் சூசையுடையது.

மருந்து விழுங்கி நாடியைக் குறைக்க முடியாது; மருந்துப் பெட்டி திறந்தாலே அவருக்குத் தெரியும். குளிரை எந்தப் பெட்டியும் காட்டிக்கொடுக்காது. கவச உடையின் சூட்டை அணைத்துவிட்டுக் கிடங்கில், சூசை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் நாடி ஏறியது, பிறகு இறங்குகிறது. ஆட்டமும் இந்தப் பதிவும் குரலில்தான்.

10:52 | நாடி 51

தலைக்கவசத் திரையில், பொதுச் சீட்டுகளில் மூன்று இஸ்பேட். கையில் இரண்டு இஸ்பேட் வைத்திருப்பவருக்கு ஒரே இனத்தில் ஐந்து சேரும், அது பெரிய கை. என்னிடம் ஒன்றுதான், ஆனால் அது ஆஸ். அதனால் அவரிடம் ஐந்து சேர்ந்திருந்தாலும் என்னிடம் ஆஸோடு அதைவிடப் பெரிய ஐந்து இருக்குமோ என்று பயப்படுவார். ஏற்றினேன்: தோற்பவர் அதற்கடுத்த கப்பலையும் விட வேண்டும்.

11:01 | நாடி 47

கவிழ்த்துவிட்டார். "உங்க நாடியே... உங்க ஆட்டமே சொல்லுதுங்க அம்மணி, பெரிய கைன்னு." வாய் தவறிவிட்டது டாக்டருக்கு. பதிவில் இருக்கிறது.

என் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். ஆஸும் ஒரு சிவப்பு நாலும். "சூசை கணக்குல இது முப்பத்திரண்டாவது, டாக்டர். இது பிடிபடலை."

11:19 | நாடி 40

கதவுச் சக்கரத்தைத் திருப்ப விரல் வளையவில்லை. உடையின் சூட்டுப் பொத்தானும் பிடிபடவில்லை. கதவின் அவசரத் திறப்பு தலைமைத் தளத்தில் அவர் மேஜையில் இருக்கிறது. இதை யோசிக்கவில்லை. கோபத்தில் யோசிக்கவில்லை.

"அம்மணி, நாடி நாப்பதுக்கு வந்துருச்சுங்க. இருக்கையைத் திருப்பித் தர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கதவத் தொறந்துடறேன். இல்லீன்னா எனக்கு ஒண்ணும் நட்டமில்லீங்க."

11:26 | நாடி 36

மிரட்டுகிறார். நான் செத்தால் விசாரணை வரும், சூசையின் முப்பத்தொன்றும் வெளியே வரும். விட்டுக்கொடுக்க மாட்டாதவளிடம் ப்ளஃப் அடிக்கிறார். தப்பான ஆள், டாக்டர்.

சொன்னேன்: "பாத்துருவோம்."

11:33 | நாடி 31

கதவு... சத்தமா, என் காதா. தெரியவில்லை.

இதைக் கேட்பவர்கள் விக்டோரியாவுக்கு எழுதுங்கள். இருக்கை இரண்டு. எங்கள் பேரில் இருக்கிறது. திறந்தாலும் திறக்காவிட்டாலும் நாங்கள் ரெண்டு பேரும் போகிறோம்

அவர் இங்கேதான்