முந்தானைக்குள் இருந்த கைகள்

புயல் மழையில் காரைக்கால்மேட்டில் மின்சாரம் போய், நேற்று நம் மகளின் காதுக் கருவியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாயசைத்து ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. கையால் பதில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. ஒரே வீட்டில் காது கேளாத இரண்டு பேர், ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நீ இருந்திருக்க வேண்டும்.

நம்மைப் போலவே அவளும் காது கேளாமல் பிறந்தபோது நீ அழவில்லை. “நம்ம பாஷை பேச வீட்டுல இன்னொரு ஆளு” என்று கைகளால் சொல்லிச் சிரித்தாய். அறுவை சிகிச்சை செய்து கருவி வைக்கலாம் என்று மருத்துவர் எழுதிக் காட்டியபோது, “இவளுக்கு என்ன குறை? எதைச் சரி பண்ணப் போறாங்க?” என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தாய். அச்சகத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமலே வேலை பார்ப்பவன் நான். அந்த நிலை அவளுக்கு வேண்டாம், கருவி வைப்போம் என்றேன். கை வலிக்கும்வரை வாதாடினோம்.

உன்னை மாற்றியது நானல்ல, பூவத்திலிருந்து வந்த உன் அம்மா. நீ உதட்டைப் படிக்கும்படி மெதுவாகச் சொன்னார்கள்: “நீதான் ஒருநாளும் என்னை அம்மான்னு கூப்பிடல. இவளாவது அம்மாச்சின்னு கூப்பிடட்டும்டி.”

அன்று மாலையே சம்மதித்தாய்.

கருவி வைத்த பிறகு, பிள்ளை முன்னால் கை அசைத்தால் பேச்சு வராது என்று பேச்சுப் பயிற்சியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நீ கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அவளைப் பார்த்தபடியே இருப்பாய். அவள் பேசிய முதல் வார்த்தை எதுவென்று நாம் பிறரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

மஞ்சள் காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, ஊசி ஏறாத இடது கையால் அவளிடம் வெகுநேரம் சொன்னாய். “அம்மா என்ன சொல்றாங்க?” என்று அவள் அம்மாச்சியைக் கேட்டாளாம். அவர்களுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆனால் அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம் அப்போது எப்படிச் சொல்வது?

நேற்று அதை ஒரு தாளில் எழுதினேன். “பயப்படாதே. நல்லா பேசு. என் கையையும் மறந்துடாதே.” இப்போது அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு என் கைகளைத் தொட்டு, செய்து காட்டும்படி ஜாடை காட்டினாள். ஒவ்வொரு சொல்லாகக் காட்டினேன். தப்பும் தவறுமாகச் செய்து பார்த்தாள். விளக்கு எரிந்ததும் கருவியை சார்ஜில் போட்டுவிட்டு, அது தயாராகும்வரை அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அம்மாச்சிக்குப் போன் செய்யப் போய்விட்டாள்.

என் புருவத் தழும்பை வைத்து, புருவத்தைத் தொட்டுக் காட்டுவதையே நீ எனக்குப் பெயராக வைத்திருந்தாய். ஊருக்குத் தெரிந்த என் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீ வைத்ததுதான் என் பெயர். இப்போது அதைச் சொல்லி என்னைக் கூப்பிட யாருமில்லை. சவரம் செய்யும்போது சில நாள், கண்ணாடியைப் பார்த்து நானே புருவத்தைத் தொட்டுக்கொள்கிறேன்.