இடது முழங்கால்

அன்புள்ளவளே,

நீ ஊர் திரும்ப இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் மகள் கார் ஓட்டப் பழகட்டும் என்று நினைத்தேன். பதினெட்டு முடிந்த உடனேயே என்ன அவசரம் என்று கேட்காதே.

நம் கார் முரட்டு வண்டி; கிளட்சை விட்டதும் பாயும். அதைக்கூட அடக்கிவிட்டாள். ஆனால் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் இடது முழங்காலைக் கையால் தூக்கி கிளட்ச் மேல் வைத்தாள்.

"காலுக்கு என்ன கேடு? கையை எடு" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க அப்படித்தானேப்பா ஓட்டுறீங்க?"

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு வீடுவரை அவளே ஓட்டி வந்தாள்.

அன்றிலிருந்து சாவி அவள் பையில்தான் இருக்கிறது. "உங்க காலைப் பத்தி அம்மாவுக்கு நான் எழுதுறேன்" என்கிறாள். அவள் முந்திக்கொள்வதற்குள் நானே எழுதிவிட்டேன். இங்கே எல்லாரும் நலம்.

உன் வீட்டுக்காரன்