வால்வின் கைப்பிடி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். கோபத்தில்தான் கொஞ்சம் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீரில் குரோமியம் இருக்கும். நான் பார்த்துக்கொள்ளும் தொட்டியில் பாக்டீரியாக்கள் அந்த விஷத்தை மாற்றி அடியில் படிய வைக்கும். அதன்பிறகே நீரை வாய்க்காலில் விடுவோம். போன மாதம் மேனேஜர் அவசரப்பட்டு, பட்டறையின் கழிவு அமிலத்தை மொத்தமாக அந்தத் தொட்டியில் திறந்துவிட்டார். பாக்டீரியா அத்தனையும் செத்துவிட்டது.

"செத்தா என்னம்மா, கண்ணுக்கே தெரியாத பூச்சி! தண்ணிய வாய்க்கால்ல விடு" என்றார்.

"அதுலதான் சார் கீழ்த்தெரு பிள்ளைங்க குளிக்குது!" என்று கத்திவிட்டேன். வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திறக்கும் வால்வின் கைப்பிடியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்.

கழிவுநீரை வெளியே விட வழியில்லாமல் பட்டறையை நிறுத்தினார்கள். இன்னொரு ஆலையிலிருந்து பாக்டீரியாச் சேறு வாங்கிவந்து நான் மறுபடி வளர்த்த பிறகே பட்டறை ஓடியது. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. பயப்படாதீர்கள், என் வேலைக்கு ஒன்றுமில்லை. ஆனால் பட்டறை நின்ற நாட்களுக்குச் சம்பளத்தை வெட்டியதால், கூட வேலை பார்ப்பவர்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கெடுத்த மேனேஜரோடு மட்டும் சிரித்துப் பேசுகிறார்கள்! நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள், இங்கே தருவது கிழிந்துவிடுகிறது. அம்மாவை ஏதாவது பேசி போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டால் போதும்.

பட்டறைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன்.

உங்கள் மகள்