பெரிய அளவுக்கு ஆள் நான்தான்

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. அதைப் பற்றி ஆரம்பித்தால் தாள் போதாது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அதனால்தான் கடிதம். இதற்கு "ம்" கொட்ட முடியாது பார்.

கம்பெனியில் எனக்குப் பதவி உயர்வு. சிரிக்காதே. ராட்டின சீட்டுகளுக்கு உறை தைக்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது, கூடுதலாக உட்கார்ந்து காட்டுகிற வேலை. புது ராட்டினம் செய்தால் சீட்டை முதலில் பட்டறையில் வைத்து மூன்று பேரை உட்கார வைப்பார்கள். ஒல்லிக்கு பெயின்டர், நடுத்தரத்துக்கு வாட்ச்மேன். பெரிய அளவுக்கு யார் என்று டிசைனர் தம்பி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுக்க என்ன இருக்கிறது, வீட்டில் கண்ணாடி இல்லையா என்ன? மடிமேல் இறங்குகிற கம்பி டக்கென்று பூட்டிப் பச்சை விளக்கு எரிந்தால் சீட் பாஸ். அவர்கள் இருவருக்கும் எரிந்தது, எனக்கு எரியவில்லை. முதலாளியோடு சேர்ந்து பட்டறையே சுற்றி நிற்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா, மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை முதுகோடு ஒட்டிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், உன் அம்மா சீட்டில் மறைத்தாள். டக். பச்சை. எல்லோரும் கைதட்டினார்கள். கம்பியைத் தூக்குங்கள் என்று நான் கையை மட்டும் ஆட்டினேன், வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், "நம்ம பொண்ண அன்னிக்கு எறக்கி விட்டாங்களே, மறந்துட்டியா?" என்றார். ஸ்கூல் சுற்றுலாவில் கம்பி பூட்டவில்லை என்று எல்லோர் முன்னாலும் உன்னை மட்டும் இறக்கி விட்டார்கள், மற்ற பிள்ளைகளின் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நீ கீழே உட்கார்ந்திருந்தாய் என்று டீச்சர் சொன்னார். அன்றோடு சரி, அம்மா ராட்டினக் கம்பெனியில் இருந்தும் நீ எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. அதே மாதிரி ஒரு சீட்டுக்கு நானே பச்சை விளக்கு எரிய வைத்துவிட்டு வந்திருக்கிறேன், என் வெட்கத்துக்காக. அழுகையே வந்துவிட்டதடி.

மறுநாள் காலையில் சீட்டுகள் பெயின்ட்டுக்குப் போகிற நேரத்தில் குறுக்கே போய் நின்று, "நேத்து மூச்சப் புடிச்சிட்டேன் தம்பி, மறுபடி உக்கார்றேன்" என்றேன். தம்பி முகம் தொங்கிவிட்டது. முதலாளி என் காதுபடவே, "மெஷினையே ஏமாத்தின வயிறு" என்றார். பட்டறையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று உட்கார்ந்து மூச்சை நன்றாக விட்டேன், வயிறு ஆசுவாசமாக வந்து மடியில் அமர்ந்தது. விளக்கு எரியவில்லை. பாவம் அந்தத் தம்பி, ஒரு வார்த்தை கடிந்து சொல்லாமல் டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தார், அளந்ததோடு விடாமல் உரக்க வேறு படித்தார். பிறகு எல்லா சீட்டிலும் கம்பியை உயர்த்திப் பொருத்தி, மறுபடி என்னை உட்கார வைத்தார்கள். ஜனங்கள் சாப்பிட்டுவிட்டுத்தானே பார்க்குக்கு வருவார்கள் என்று நான் வாயைக் கொடுத்ததால், மதியச் சாப்பாடு முடிந்ததும் இன்னொரு தடவை உட்கார வைத்தார்கள். இரண்டு தடவையும் பச்சை.

ராட்டினத்தைப் பிரித்து அடுக்கிய பெட்டிகளில் முகவரி ஒட்டும்போது பார்த்தேன், நீ இருக்கிற ஊர். மானம் கப்பலேறும் என்பார்கள், என் இடுப்பளவே ஏறிவிட்டது. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறார் அப்பா. ராட்டினத்துக்குப் போ என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. மனசு வந்தால் அந்த ராட்டினத்தின் கடைசி வண்டியில் வலப்பக்க சீட்டைப் பார், உறை ஓரத்தில் ஒரு தையல் கோணலாக இருக்கும், அது நான் தைத்தது. அதில் உட்கார். மூச்சை மட்டும் இழுக்காதே, நன்றாக விடு. பூட்டும். அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
பெரிய அளவு அம்மா