உடன் செய்தவர்

ஜூலை 14, திங்கள்

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பிரசவத்துக்காகப் பாதியில் விட்ட இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்துக்குத் திரும்பிப் போய் இரண்டு வாரம் ஆகிறது.

கட்டமைப்புப் பாடம் எடுக்கும் சார் வீட்டுப்பாடத்துக்கென்று ஒரு தாள் நிறையச் சட்டம் போட்டிருக்கிறார். ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். படம் வரையாமல் கணக்கைத் தொடங்கக் கூடாது. வரிக்கு வரி அலகு. விடையைச் சுற்றிக் கட்டம். கடைசியில் ‘உடன் செய்தவர்’ என்று போட்டுப் பெயர் எழுத வேண்டும் – சொல்லிக் கொடுத்தாலும் சரி, கேட்டு எழுதினாலும் சரி. சேர்ந்து செய்யலாம், மறைக்கக் கூடாது.

வீட்டுப்பாடத்தில் பாதி மதிப்பெண்ணாவது இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. அப்புறம் இன்னொரு வருடம். அத்தை இந்த ஒரு வருடம்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 17

நூலகத்தின் பின்மேஜையில் ஐந்து பேர் சேர்ந்து செய்கிறார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். உண்மையில் செய்வது ஒருவன்தான். நெட்டையாக, விறைப்பாக இருப்பதால் ஸ்கேல் என்கிறார்கள். அவன் போடுவான், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். நான் வரிக்கு வரி ஏன் என்று கேட்டேன்.

“இவ்ளோ கேள்வி கேட்டா ஃபீஸ் வாங்கணும்க்கா” என்றான்.

ஜூலை 21

கொடுத்தாயிற்று. கீழே ஸ்கேலின் நிஜப்பெயரை எழுதினேன். நன்றி சொன்ன மாதிரி இருந்தது.

ஜூலை 24

சார் ஆறு தாளையும் வரிசையாகப் பரப்பி வைத்தார். மூன்றாவது கணக்கில் ஆறிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு. பெயர் இருந்தது என் தாளில் மட்டும். மற்ற ஐந்திலும் ‘யாருமில்லை’, ஸ்கேலுடையதிலும்கூட. ஐந்து பேருக்கும் பூஜ்யம்.

வெளியே வந்ததும் ஐந்து பேரில் குதிரைவால் போட்ட பெண் கேட்டாள்: “உங்களை யாருக்கா எழுதச் சொன்னா?”

“சார்தானே சொன்னார்.”

“சொன்னா? எழுதிடறதா?”

ஜூலை 25

ஃபோனில் எங்கள் குழு அடங்கிவிட்டது. நான் இல்லாமல் வேறொன்று தொடங்கியிருப்பார்கள்.

“நீ என்ன, போலீஸ்லயா போய்ச் சொன்ன? விடு” என்றார் இவர். விடத்தான் பார்க்கிறேன். காட்டிக்கொடுத்துட்டேனா? ஆறிலும் ஒரே தப்பு, சார் எப்படியும் பிடிச்சிருப்பார் – அப்படிச் சொல்லிக்கிட்டாலும் மனசு கேக்கலையே. எனக்காக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த பையன்.

ஆகஸ்ட் 4

தனியாகச் செய்தேன். ஐந்தில் இரண்டுதான் வந்தது. “அந்தப் பேப்பரையே முறைச்சுப் பாத்துட்டிருந்தா தானா வந்துடுமா? சாப்பிட்டுட்டு உட்காரு” என்றார் அத்தை.

உடன் செய்தவர்: யாருமில்லை.

ஆகஸ்ட் 7

பத்துக்கு நாலு. இப்படியே போனால் தேர்வு கிடையாது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

பஸ் நிறுத்தத்தில் ஸ்கேல் வந்து பக்கத்தில் நின்றான். என்னைப் பார்க்காமல், “நாலாவது கணக்கு வந்துச்சாக்கா?” என்றான்.

“வந்துச்சு. உனக்கு?”

“இல்ல. குழுவுல கேட்கலாம்னா, அங்க கணக்குப் போடறவன் நான் ஒருத்தன்தானே.”

“என் மேல கோவம் இல்லையா?”

“இருந்துச்சு. அப்பா ரெண்டு நாள் என்கூடப் பேசல.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். “ரெண்டு வருஷமா என் கணக்கைத்தான் எழுதறாங்க. பேர் போட்டது நீங்க ஒருத்தர்தான். என்ன, தப்பான கணக்குக்குப் போய்ப் போட்டுட்டீங்க.”

சிரித்துவிட்டேன். அவனும்.

கணக்கைப் பார்த்தால், உத்தரத்தைத் தாங்கும் விசையை மேல்நோக்கிக் காட்டாமல் கீழ்நோக்கி எடுத்திருக்கிறான். மனத்திலேயே போட்டுவிட்டு, சாருக்காகக் கடைசியில்தான் படம் வரைவானாம். எனக்கு மனத்தில் போடத் தெரியாது. படம் வரைந்து, அம்புக்குறி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சந்தேகப்பட்டால்தான் அடுத்த வரிக்கே போவேன். என் தாளை நீட்டினேன். “அட” என்றான். மூன்றாவது கணக்கை எனக்கு அவன் சொன்னான். அதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.

செப்டம்பர் 1

சனிக்கிழமைகளில் ஸ்கேல் வீட்டுக்கு வருகிறான். அத்தைக்கு அவனைப் பிடித்துவிட்டது. என் மதிப்பெண் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. குதிரைவால் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று அவனுக்கு லேப். இரண்டு பேர் தாளையும் நான்தான் கொண்டுபோனேன். படியேறும்போது அவனுடையதைப் பார்த்தேன். கடைசி வரியில் என் பெயர், இனிஷியலோடு. அடைப்புக்குள் ‘இரண்டும் ஐந்தும்’ – நான் சொல்லிக் கொடுத்த கணக்குகள்.

கொடுத்துவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். கண்டக்டர் எழுப்பியபோது எங்கள் நிறுத்தம் தாண்டியிருந்தது. இறங்கி நடந்தே வந்தேன்.