மூன்று சொட்டை போதும்

என் அஞ்சலை,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. 'ழ' வந்தால் அதன் வாலை எந்தப் பக்கம் இழுப்பது என்று இன்னும் தடுமாற்றம்தான். உனக்கும் எழுத்து தெரியாது, தப்பு கண்டுபிடிக்க மாட்டாய். அந்தத் தைரியத்தில்தான் முதல் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன். முதியோர் வகுப்பு டீச்சர் இதைச் சுவரில் ஒட்டப்போகிறாராம். மயிலாப்பூரே படிக்கட்டும். உனக்கு அங்கே, மேலே, யாராவது படித்துக் காட்டுவார்கள், இல்லையா?

முதலில் நம் செல்வி சேதி. போன மழைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே முடியும் போனது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. நீ எண்ணெய் வைத்து வைத்து வளர்த்த முடி. அடையாறு டாக்டர், "காய்ச்சல்ல கொட்டினது தானா வந்துடும்மா, பொறுமையா இரு" என்றுதான் சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. தி.நகர் புடவைக் கடை வேலைக்குப் போகாமல், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலைக்கூடத் திறக்காமல் கிடந்தாள்.

"தல நெறைய பூ வெச்சிக்கினு நிக்கிற எடம்ப்பா அது. இந்தத் தலைய வெச்சிக்கினு நான் எப்டி நிப்பேன்?" என்றாள். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? 

கடையில் கூட வேலை செய்கிற பெண் ஒரு சின்னப் புட்டி கொடுத்தனுப்பினாள். ரோஸ்மேரியும் புதினாவும் சேர்ந்த வாசனை எண்ணெய், முடி வளருமாம். ரோஸ்மேரி என்றதும் முகத்தைத் திருப்பாதே. அது செடி. நானும் முதலில் பட்டினப்பாக்கத்து அம்மாள் யாரோ என்றுதான் நினைத்தேன்.

செல்வி அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மூலையில் வைத்துவிட்டாள். நான் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். காலையில் ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. 'முதலில் தடவிச் சோதித்துப் பார்க்கவும். மூன்று சொட்டை போதும்.'

அஞ்சலை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல கம்பெனிக்காரன்! ஒரு பெண்பிள்ளை தலையில் போடுவதற்கு முன்னால் மூன்று வழுக்கைத் தலையில் போட்டுப் பார்க்கச் சொல்கிறானே. ஒரு சொட்டை வீட்டிலேயே இருக்கிறது. இன்னும் இரண்டுக்கு எங்கே போவது?

எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. என்னோடு மீன்பாடி வண்டி மிதித்த முனுசாமியை உனக்குத் தெரியும். நம் ஜன்னலுக்கு நேரே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் ஏகாம்பரத்தையும் தெரியும். விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம செல்விக்கின்னா தலைய இன்னா, கழுத்தையே குடுப்பேன், ஊத்து நைனா" என்றான் முனுசாமி. ஏகாம்பரம் மட்டும், "முடி மொளைச்சா வெட்டிக்க காசு யார் குடுப்பா?" என்று கேட்டுக்கொண்டே தலையைக் குனிந்தான்.

புட்டி காலியாகும்வரை மூன்று தலையிலும் ஊற்றித் தேய்த்தேன். முதலில் மார்கழி மாதம் தலைக்குள் புகுந்த மாதிரி ஜில்லென்று இருந்தது. பிறகு சித்திரை வந்தது.

"யோவ் கோயிந்தா! இது தலையா, தோசக்கல்லா?" என்று முனுசாமி என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே குதித்தான். ஏகாம்பரம், "இஸ்திரி பொட்டிய தலைல வெச்சா மாதிரி கீது, தண்ணி ஊத்துங்கடா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். குழாயடிக்கு ஓடினோம். தண்ணீர் பட்டும் எரிச்சல் போகவில்லை. கண்ணில் வேறு நீர் கொட்டுகிறது.

அப்போதுதான் ஜன்னல் திறந்தது. அடுத்த நிமிடம் செல்வி தேங்காயெண்ணெய்ப் பாட்டிலோடு தெருவில் நின்றாள். மூன்று தலையிலும் தேங்காயெண்ணெயை ஊற்றித் துடைத்து எடுத்தாள். எரிச்சல் மெல்ல அடங்கியது. பிறகு காலிப் புட்டியைப் பிடுங்கிப் படித்தாள்.

"அப்பா, இது சொட்டு! ஒரு கரண்டி தேங்காண்ணைல மூணு சொட்டு! சொட்டை இல்லப்பா!"

கடைசி எழுத்தில் அவசரப்பட்டுவிட்டேன், அஞ்சலை. 'சொட்' வரைக்கும் படித்ததும் மீதி தெரியும் என்று நினைத்துவிட்டேன். தினமும் கண்ணாடியில் பார்க்கிற சொல்லாயிற்றே. கரண்டி இருந்த வரியையும் தாண்டிவிட்டேன்.

செல்வி சிரித்தாள். இஸ்திரி வண்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, உன்னை மாதிரியே சிரித்தாள். தெருவே கூடிவிட்டது. துண்டை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தது அவளுக்கு வெகு நேரம் கழித்துத்தான் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவே இல்லை. அத்தனை பேரும் தக்காளி மாதிரி சிவந்திருந்த எங்கள் மூன்று தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் ஏகாம்பரம், "எங்க தலைய பார்த்தப்புறம் உன் தலைய எவன்மா பார்ப்பான், தைரியமா போ" என்றான்.

இப்போது வேறு புட்டி வாங்கி, கரண்டியில் மூன்றே சொட்டு கலந்து, ஞாயிறுதோறும் நானே அவள் தலையில் தடவுகிறேன். உன் கை மாதிரி வராது, ஆனாலும் குனிந்து காட்டுகிறாள். நெற்றியோரம் பொடிப்பொடியாக முளைத்திருக்கிறது. டாக்டர் சொன்னபடி தானாக வந்ததா, எண்ணெயில் வந்ததா, யாருக்குத் தெரியும்? ஏகாம்பரம் மட்டும் தினமும் நம் வீட்டு முகம் பார்க்கிற கண்ணாடியை வாங்கித் தன் தலையைப் பார்க்கிறான். அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். இனிமேல் எதையும் கடைசி எழுத்துவரைக்கும் படித்துவிட்டுத்தான் நம்புவேன், உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பா,
மூன்றில் முதல் சொட்டை,
கோவிந்தன்